மகள் தங்கிய காட்மாண்டு விடுதி

வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு ஆதிரை செல்பேசித் திரையில் வந்தாள். அந்த நிமிடத்திலிருந்துதான் எல்லாம் கோணத் தொடங்கியது. இங்கே இர்விங்கில் ஏழு பத்து என்றால் காட்மாண்டுவில் மாலை ஐந்து ஐம்பத்தைந்து. இருபத்திரண்டு வருட டெக்ஸாஸ் வாழ்க்கையில் இந்திய நேரம் கணக்குப் போடுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. நேபாளம் அதற்கும் கால் மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பது மகள் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஒரு நாடு எதற்காகக் கால் மணி நேரத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்? எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை.

"சுஜன் எங்கடி?"

"ஹி டிட்ன்ட் கம் டுடே. சம்திங் கேம் அப், அம்மா."

"என்ன வந்துச்சு?"

"சம்திங். நீ சாப்பிட்டியா?"

இருபத்தாறு வயதில் அவள் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதே இல்லை. அதுவும் தமிழில். நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எது சரியில்லை என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அழைப்பு முடிந்த பிறகும் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுஜன் எங்கள் மகளுடன் டல்லாஸ் கல்லூரியில் படித்த நேபாளத்துப் பையன். அவனும் அண்ணன் பிரகாஷும் இங்கே வேலை பார்க்கிறார்கள், பெற்றோர் காட்மாண்டுவில். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று இருவரும் வந்து நின்றபோது என் கணவர் பத்து நிமிடத்தில் சரியென்றார். எனக்குப் பத்து மாதம் பிடித்தது. பையனின் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆதிரை அவனோடு கிளம்பினாள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: போகலாம், பழகலாம், ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் அந்த வீட்டில் படுக்கக் கூடாது. விடுதியை நானே தேடித் தருவேன்.

மூன்று வாரம் தேடினேன். தங்கிப் போனவர்கள் எழுதிய அபிப்பிராயங்களில் பாராட்டையெல்லாம் தள்ளிவிட்டுப் புகார்களை மட்டும் படித்தேன். வெயில் அடித்தால்தான் வெந்நீர் வரும் என்று ஒருவர். இரவெல்லாம் தெருநாய்கள் என்று ஒருவர். மலை தெரியும் அறை என்றார்கள், மொட்டை மாடிக்கு ஏறினால்தான் தெரிகிறது என்று ஒருவர். ஓர் ஆஸ்திரேலியப் பெண் ஒற்றை நட்சத்திரம் போட்டு இப்படி எழுதியிருந்தாள்: 'ரிசப்ஷனில் இருக்கும் பெண்மணி எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், உன்னைப் பார்க்க வந்தவன் யார் என்று ஓயாமல் கேட்கிறாள். அத்தை வீட்டில் தங்கியது போல இருந்தது.' படித்தவுடன் அந்த விடுதியில்தான் அறை போட்டேன்.

"ஊர்ல எல்லாரும் அஞ்சு ஸ்டார் பார்த்து ரூம் போடுவாங்க. நீ ஒரு ஸ்டார் பார்த்துப் போடற சாந்தி" என்றார் என் கணவர்.

அவருக்குப் புரியாது. சேலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுகளில் மேனேஜர் விடும் கேள்விகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. எந்த ஊரு, என்ன சோலியா வந்தீங்க, கூட இருக்கிறது யாரு, எப்ப காலி பண்ணுவீங்க. சின்ன வயதில் எரிச்சலாக இருக்கும். பிறகு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் கம்பெனி எங்களைத் தங்கவைத்தது. நாலு வயது ஆதிரைக்குக் கடும் காய்ச்சல். கதவைத் திறக்காமல் அறைக்குள்ளேயே கிடந்தோம். ஏன் வெளியே வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. காலி செய்த அன்று முன்மேசைப் பையன், "ஹோப் யூ என்ஜாய்ட் யுவர் ஸ்டே" என்றான். கேள்வி கேட்காதது இங்கே மரியாதை. அந்த மரியாதையில் ஒரு பிள்ளை செத்துக்கூடப் போகலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்த வியாழக்கிழமை அலுவலக வேலை ஓடவில்லை. விடுதிக்கே போன் செய்தேன். எடுத்தவள் அந்தக் கேள்விக்காரிதான். பெயர் பிமலா. அவளும் நானும் இரண்டு விதமான ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

"என் பொண்ணு ரூம்ல தனியா இருக்காளா?"

"தனியா இல்லை மேடம். நான் கூடவே இருக்கேன்."

"நீங்க எதுக்கு இருக்கணும்? அந்தப் பையன் எங்கே?"

"அவர் வரக் கூடாது மேடம்."

"வரக் கூடாதுன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கே தெரியும். மீதியை உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கா. கெஸ்ட் வந்துட்டாங்க மேடம்." வைத்துவிட்டாள்.

எங்களுக்கே தெரியும் என்றால் யார் யாருக்கு? பையனை வீட்டில் பூட்டி வைத்துவிட்டார்களா? வேறு பெண் பார்த்துவிட்டார்களா? ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரிந்தது பெற்றவளுக்கு ஏன் தெரியக் கூடாது? சுஜனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. விமான டிக்கெட் பார்த்தேன். என் கணவர் காபி கொண்டுவந்து வைத்தார். அவர் வழக்கமாகச் சொல்லும் ஜோக்கைச் சொல்லவில்லை. அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று அதில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆதிரையை விடவில்லை. "இப்ப நீ சொல்லலைன்னா நான் பிளைட் ஏறிடுவேன்" என்றேன். அவள் அழுதாள். சுஜனின் தாத்தா புதன்கிழமை இறந்துவிட்டார். பதின்மூன்று நாள் தீட்டு. வீட்டு ஆட்கள் வெளியாட்களைத் தொடக் கூடாது, பிறர் வீட்டுக்குப் போகக் கூடாது. சுஜனின் அப்பா வெள்ளை உடுத்தித் தனியே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

"இதை ஏன்டி மறைச்சே? தீட்டுன்னா எங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் சொல்லலை. யூ வில் கவுன்ட், அம்மா. நான் வந்து எத்தனாவது நாள்னு எண்ணுவே."

நான் அதற்குள் எண்ணி முடித்திருந்தேன். திங்கட்கிழமை அந்த வீட்டுப் படியேறினாள். புதன்கிழமை சாவு.

என் பெரியம்மா மகள் மல்லிகா அக்காவுக்கு நிச்சயம் ஆன அதே வாரம் மாப்பிள்ளையின் அப்பா கிணற்றடியில் விழுந்து இறந்தார். அந்த வீட்டிலிருந்து யாரும் சண்டைக்கு வரவில்லை. வரவே இல்லை, அவ்வளவுதான். நிச்சயப் புடவை மட்டும் வேறொருவர் கையில் திரும்பிப் போனது. அதன் பிறகு ராசியில்லாத பெண் என்ற பேச்சு அக்காவுக்கு முன்னால் ஊர் ஊராகப் போயிற்று. பெரிய படிப்பும், கடல் கடந்த வாழ்க்கையும், தினமும் கணினியில் தர்க்கம் பார்க்கும் வேலையும் இருந்தும் என் மகளைப் பற்றி எனக்கு முதலில் தோன்றியது மல்லிகா அக்காவின் முகம்தான். அந்த வீட்டிலும் யாரோ எண்ணியிருப்பார்கள். எண்ணாமல் இருக்க அவர்கள் என்ன வெள்ளைக்காரர்களா?

துக்கம் விசாரிக்க நானும் கணவருமாகச் சுஜன் வீட்டுக்குப் போன் செய்தோம். யாரும் எடுக்கவில்லை. சேலத்தில் இதற்குப் பொருள் ஒன்றுதான். மறுபடி பிமலாவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை என் குரல் இறங்கியிருந்தது. "அந்த வீட்டில என் பொண்ணைப் பத்தி என்ன பேசிக்கறாங்க?" என்று கேட்டேன்.

"மேடம், வந்த நேரம் சரியில்லைன்னு பொண்ணைச் சொல்ற வீடும் எங்க ஊர்ல இருக்கு, சொல்லாத வீடும் இருக்கு. இது எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்ல? உங்க பொண்ணு நேத்து பூரா சாப்பிடலை. இன்னிக்கு மாடிக்குக் கூட்டிட்டுப் போய் வெயில்ல உட்கார வச்சேன்."

சமாதானமாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் அவளை நம்பினேன். நம்பியதால் பயம் கூடிற்று.

சனிக்கிழமை மாலை சுஜனின் அண்ணன் பிரகாஷிடமிருந்து செய்தி வந்தது: 'அம்மா உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார். போனில் வேண்டாம். வரலாமா?' போனில் சொல்ல முடியாத விஷயம் எது என்று எனக்குத் தெரியும். "அவன் முன்னாடி அழுதுடாதே" என்றார் என் கணவர். அவர் கண்தான் சிவந்திருந்தது.

இருட்டும் நேரத்தில் பிரகாஷ் வந்தான். முகம் மழிக்கவில்லை. என் கணவர் கையை நீட்ட, அவன் பின்வாங்கி அபார்ட்மென்ட் நடைபாதையின் சுவரோரம் ஒதுங்கி நின்றான். "உள்ளே வரக் கூடாது அங்கிள், மன்னிக்கணும்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, என்னைப் பார்த்துச் சொன்னான்:

"வீட்டு ஆளுங்க நாங்க இப்ப உப்பில்லாமத்தான் சாப்பிடறோம் ஆன்ட்டி. அங்கே நேத்து சாயங்காலம் ஆதிரை தானாவே எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, எனக்கும் அதையே போடுங்கன்னு அம்மாகிட்ட கேட்டிருக்கா. அம்மாவுக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. போட்டா அவ எங்க வீட்டுப் பொண்ணு, எங்க தீட்டு அவளுக்கும் உண்டு. ஆனா இன்னும் அவ உங்க பொண்ணு. 'பெத்தவங்க இருக்கும்போது நானா எடுத்துக்க முடியாது, நேர்ல போய்க் கேட்டுட்டு வா'ன்னாங்க. இப்ப அங்கே விடிஞ்சிருக்கும், அடுப்பு மூட்டாம காத்திட்டிருக்காங்க. என்ன சொல்லட்டும், ஆன்ட்டி?"