கழகம் கொண்டுபோன சுமைதாங்கி

மக்களே, நம் பக்கத்தில் சரித்திரக் கழகம் என்று ஒன்று இருந்ததை நீங்கள் அறிய மாட்டீர்கள். அறியாமல் இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் நானும் ஒரு அங்கத்தினனாக இருந்தேன். என்னால் அதில் ஒரு காரியம் கெட்டது. உங்கள் அம்மை சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுவது நல்லது. அவள் சொன்னால் இன்னும் கொஞ்சம் மோசமாகச் சொல்வாள்.

திருவிதாங்கூர் சமஸ்தானம் போய் திரு-கொச்சி ராஜ்யம் வந்திருந்த காலம். மணவாளக்குறிச்சியிலிருந்து திங்கள்சந்தைக்குப் போகிற வழியில் அப்போது நமக்குக் குடியிருப்பு. நான் பனை ஏறினேன். உங்கள் அம்மை அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றி, கடவம் என்கிற ஓலைப் பெட்டியில் அடுக்கி, திங்கட்கிழமை தோறும் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோனாள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடம் நின்றாலும், எழுத்தைக் கண்டால் நின்று வாசிக்கிற பழக்கம் நிற்கவில்லை. சாயாக்கடைச் சுவரில் கழகத்தின் நோட்டீஸ் ரோஸ் தாளில் ஒட்டியிருக்கும். மேலே 'வரப்போகும் நிகழ்ச்சிகள்' என்று கொட்டை எழுத்து. ஒரு மாதம் சொற்பொழிவு, ஒரு மாதம் பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கப் போவது, பிறகு பழம்பொருள் காட்சி, அதன் பிறகு சமபந்தி போஜனம். கடைசி வரியில் 'அனைவரும் வருக.' அனைவரும் என்றால் அதில் நானும் சேர்த்தி என்று எடுத்துக்கொண்டு குளித்து, வெள்ளை வேட்டி கட்டிப் போனேன்.

போனால் முன்னால் நாற்காலி, நடுவில் பெஞ்சு, பின்னால் பாய். இன்னார் இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் பாயில் இருந்தேன். ஒரு ராஜா எந்த வழியாக வந்து எந்தக் குளக்கரையில் இளைப்பாறினார் என்று அன்றைக்குப் பேச்சு. ஒன்றரை மணி நேரம் ராஜா இளைப்பாறினார். அந்தக் குளத்தை வெட்டியது யார் என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அப்போது எனக்கு அவர்கள் மேல் அவ்வளவு மரியாதை.

சமபந்தி போஜனத்துக்கும் போனேன். பந்தி சமமாகத்தான் இருந்தது. தலைவருக்கு மட்டும் வயிறு சரியில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். செயலாளருக்கு அன்றைக்கு விரதம். நாங்கள் பாய்க்காரர்கள் பாய்க்காரர்களோடு சமமாக இருந்து உண்டுவிட்டு வந்தோம். அடுத்த நோட்டீஸில் 'சமபந்தி போஜனம் சிறப்பாக நடந்தேறியது' என்று இருந்தது. அதையும் நான் நின்று வாசித்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று கொடுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தலைவர் பென்ஷன் வாங்கின தாசில்தார். செயலாளர் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கூட்டத்தின் முடிவில் தலைவர் எழுந்து, "உங்க பக்கத்துல எழுத்து உள்ள பழைய கல்லு ஏதாவது கெடந்தா சொல்லணும். சொல்லுதவனுக்கப் பேரை நோட்டீஸ்ல போடுவோம்" என்றார்.

என் பெயர் அச்சில் வரும் என்றதும் நான் எழுந்துவிட்டேன். பாயிலிருந்து யாரும் எழுந்து பேசுவது வழக்கமில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க வழியில ஒரு சுமைதாங்கி நிக்கு ஐயா. மேக்கல்லுல எழுத்து உண்டும்."

"வாரும், முன்னால வந்து இரும்" என்று தலைவர் நாற்காலியைக் காட்டினார். போய் இருந்தேன். ஒரு கல்லைக் காட்டிக் கொடுத்து நான் வாங்கின நாற்காலி அது.

உங்கள் காலத்தில் லாரியும் பஸ்ஸும் வந்துவிட்டதால் சுமைதாங்கி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் தனி ஆளாகவே சுமையை அதன் மேல் சரித்து வைத்து, மூச்சு வாங்கி, பிறகு அப்படியே தலையைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு போகலாம். அது இல்லையென்றால் இறக்க ஒரு ஆள் வேண்டும், ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்து இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் வைப்பது. வயிற்றுச் சுமை இறங்காமல் போனவள், ஊரார் சுமை இறங்கும்போது அவளுக்கும் இறங்கும் என்பது நம்பிக்கை.

கழகத்தார் வண்டியும் ஆட்களுமாக வந்தார்கள். வழி காட்டியது நான். தோள் கொடுத்துக் கல்லைப் பெயர்த்ததும் நான். எழுத்து இருந்த மேற்கல்லை மட்டும் எடுத்தார்கள். நட்ட கல் இரண்டும் ஒன்றையும் தாங்காமல் அங்கேயே நின்றன.

"சார், சுமை எறக்க வேற கல்லு?" என்று செயலாளரைக் கேட்டேன்.

"அதை அடுத்த கமிட்டியில வைக்கேன்" என்றார்.

கழகக் கட்டடத்தில் கல்லின் எழுத்தில் சுண்ணாம்பைத் தேய்த்து வாசித்தார் செயலாளர். தலைவர் குனிந்து நின்றார்.

"ராஜா பேரு எங்க வருது?"

"ராஜா ஒண்ணும் இல்ல சார். ஒரு பொம்பிளை வயித்துப் பிள்ளையோட செத்திருக்கா. வீட்டுக்காரங்க வச்சிருக்காங்க."

"நல்லாப் பாரும் ஓய்."

நல்லாப் பார்த்தும் ராஜா இல்லை. ஆனால் ஆண்டு விழா நோட்டீஸ் அதற்குள் அச்சாகி வந்துவிட்டது. அதில் தலைவரின் சொற்பொழிவு 'வேந்தர் வைத்த அறக்கல்' என்று இருந்தது. நோட்டீஸ் அச்சானது, இனி மாற்ற முடியாது. கல்லின் கதையை மாற்றலாம். ராஜா சொல்லித்தான் அந்த வீட்டார் வைத்திருப்பார்கள் என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. நானும் தலையை ஆட்டினேன். அதே நோட்டீஸில் என் பெயரும் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை உங்கள் அம்மை சந்தைக்குப் போனாள். மூத்தவனே, நீ அப்போது அவள் வயிற்றில் ஏழு மாதம். அவள் திரும்பி வந்து, வெறும் கடவத்தைச் சுவரோரமாகப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வழியில கல்லைக் காணல்ல."

"கழகத்துக்காரங்க கொண்டு போயாச்சு."

"அவியளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"கேட்டியளா, உங்களைத்தான் கேக்கேன்."

"எழுத்துள்ள கல்லாக்கும் ஏட்டி. சரித்திரம்."

"அந்தக் கல்லு பக்கம் வந்து, சுமையோட எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? ஒரு ஈ காக்கா இல்ல. குனியவும் வயித்துக்கு ஒக்கல்ல. எறக்காமலே சந்தை வரைக்கும் நடந்தேன். இடுப்பு நாரி விட்டுப் போச்சு. அது என்ன சரித்திரமோ?"

"வேற கல்லு வைப்பாவ."

"சரித்திரம் வேணும்னா உங்க முதுகுல எழுதிக்கிட்டு அங்க போயி நில்லுங்க. நான் உங்க மேல எறக்குதேன்."

நான் சுமக்கிறேன் என்றேன். "பனைக்கு யாரு போவா?" என்றாள். அதுவும் நியாயம். காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவாவிட்டால் பனை கெட்டுவிடும். அதுதான் பருவமும். அவளுக்கு இன்னும் இரண்டு மாதம், எட்டுச் சந்தை. எட்டுத் தடவையும் இறக்க இடமில்லாமல் அந்த வயிற்றோடு நடக்க வேண்டும். அதற்கு நான்தான் காரணம்.

செயலாளரை மூன்று தரம் போய்ப் பார்த்தேன். முதல் தரம் கமிட்டி கூடவில்லை. இரண்டாம் தரம் கமிட்டி கூடியது, ஆனால் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுவதைப் பற்றியே பேசினார்களாம். மூன்றாம் தரம், "என் பெஞ்சாதி மாசமா இருக்கா சார்" என்றேன்.

"சந்தோஷம். விழா கழியட்டும். விழாவுல உமக்குப் பொன்னாடை உண்டு, விடாம வாரும்" என்றார்.

விழாவைத் திங்கட்கிழமை வைத்திருந்தார்கள். கழகக் கட்டடம் சந்தை வழியில் இருந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தால் அதையும் கூட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. அன்று விடியுமுன் பனை வேலையை முடித்து, உங்கள் அம்மையின் தலையில் சுமையை ஏற்றிவிட்டு, நான் முன்னால் போய் முதல் வரிசை நாற்காலியில் இருந்தேன். கூட வருகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மேடைக்கு முன்னால் தோள் உயரத்துக்குச் செங்கல் கட்டி அதன் மேல் கல்லைக் கிடத்தி, மாலை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். எனக்குப் பொன்னாடை போட்டார்கள். பிறகு தலைவர் தொடங்கினார். வழிப்போக்கரின் பாரத்தைக் கண்டு ராஜாவின் உள்ளம் எப்படி உருகியது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பந்தலுக்குள் மீன் வாடை வந்தது.

கடற்கரையிலிருந்து சந்தைக்கு மீன் சுமக்கிற ஒருத்தி, கடவம் சொட்டச் சொட்ட நடுவழியே வந்தாள். அவளுக்குப் பின்னால் கருப்பட்டிக் கடவத்தோடு உங்கள் அம்மை. நட்ட கல் பக்கம் இரண்டு பேரும் சந்தித்து, "கல்லு எங்க போச்சோ அங்க கொண்டு எறக்குவோம்" என்று மீன்காரி சொன்னதையும், அதற்கு உங்கள் அம்மை சம்மதித்ததையும் பிறகுதான் அறிந்தேன்.

செயலாளர் ஓடி வந்தார். "ஏய், எங்க வாறே? மீட்டிங் நடக்கியது தெரியல்லியா?"

"நடக்கட்டும் எசமானே, நான் தடுத்தேனா?" என்று சொல்லி மீன்காரி மாலையின் மேலேயே கடவத்தைச் சரித்து வைத்தாள். மீன் தண்ணீர் சந்தனத்தில் வடிந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடையை நிமிர்ந்து பார்த்தாள். "பேசும் எசமானே. பாரத்தைப் பத்தி நல்லாத்தான் சொல்லுதீரு. எனக்கும் இப்பத்தான் கேக்க முடியுது."

பாயிலும் பெஞ்சிலும் சிரிப்பு. தலைவருக்கு ராஜா எந்த இடத்தில் நின்றார் என்று மறந்துவிட்டது.

உங்கள் அம்மை கல்லின் மறு ஓரத்தில் சுமையைச் சாய்த்தாள். பாதி சாய்ந்த கடவம் ஆடியது. நான் எழுந்து பிடித்திருக்க வேண்டும். பொன்னாடையோடு எழுந்தால் தலைவர் என்ன நினைப்பார் என்று இருந்துவிட்டேன். மக்களே, இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. மீன்காரி ஒரு கை கொடுத்து அதை நிறுத்தினாள். உங்கள் அம்மை மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்ல துணி, கொள்ளாமே. சும்மாடு கூட்ட ஆகும், இஞ்ச தாருங்க."

எடுத்துக் கொடுத்தேன். அவள் அந்தப் பொன்னாடையைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன் மேல் கடவத்தை ஏற்றினாள். இந்தத் தரம் நான் எழுந்து தூக்கிவிட்டேன். எழுந்தவன் திரும்பப் போய் இருக்கவில்லை. அவளோடு சந்தைக்கு நடந்தேன்.

விழா முடிந்ததும் கல்லைக் கட்டடத்துக்குள் அதே உயரத்தில் கட்டி வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மீன்காரிகள் நாலைந்து பேர் கழகத்துக்குள் வந்து இறக்கினார்கள். அதற்கு அடுத்த வாரம் விறகுக்காரர்களும் தவிட்டுக்காரியும் சேர்ந்துகொண்டார்கள். செயலாளர் வாத்தியார் கதவைப் பூட்டிப் பார்த்தார். கதவுக்கு வெளியே நின்று அவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். உள்ளே ஈ மொய்த்தது. கழகம் சேர்த்து வைத்திருந்த பழைய ஓலைச் சுவடிகளில் மீன் வாடை ஏறிவிட்டதென்று அங்கத்தினர்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். கமிட்டி கூடியது. இந்தத் தரம் உடனே கூடியது.

சாயாக்கடைச் சுவரில் புது நோட்டீஸ் வந்தது. 'கழகத்தின் பேருதவியால் சுமைதாங்கி நிறுவும் விழா.' கொண்டுபோனவர்களே திருப்பி வைப்பதற்கு ஒரு விழா, அதற்குத் தலைவர் ஒருவர், வாழ்த்துரைக்கு மூன்று பேர். அதில் என் பெயர் இல்லை. பெரிய ஆறுதலாக இருந்தது.

விழா அன்றும் திங்கட்கிழமைதான். மேற்கல் பழையபடி இரண்டு கல்லின் மேலும் ஏறியிருந்தது. பாதையின் குறுக்கே சிவப்பு நாடா. சந்தைக்குப் போகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் நாடாவுக்கு இந்தப் பக்கம் தலைச்சுமையோடு நிற்க, அந்தப் பக்கம் தலைவர் கைவீசி வந்து நின்று சுமை தாங்குவதன் பெருமையைப் பேசினார். உங்கள் அம்மைக்கு எட்டாம் மாதம் முடிந்திருந்தது. அவள் கழுத்து நரம்பு புடைத்து நிற்பதைப் பார்த்தேன். நாடா வெட்டக் கத்தரி எடுத்துவர மறந்துவிட்டார்கள். அதற்கு ஒருவர் சைக்கிளில் போயிருந்தார்.

"அண்ணே, இவ நிக்கமாட்டா" என்று மீன்காரி என்னிடம் சொன்னாள்.

நான் நாடாவைப் பிடித்து இழுத்து அறுத்தேன். செயலாளர், "ஓய், ஓய்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் அம்மையின் கடவத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கல்லின் மேல் இறக்கி வைத்தேன். பக்கத்தில் மீன்காரியும் இறக்கினாள். உங்கள் அம்மை கல்லில் கையை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வலியா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள்.

கொஞ்சம் கழித்துக் கடவத்தைத் தூக்கினால், அதன் அடியில் சிவப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. பழைய எழுத்து முன் முகத்தில் இருந்ததால், கழகத்தின் பெயரையும் தலைவரின் பெயரையும் மேல் முகத்தில் பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள். அந்த முகத்தில்தான் சுமை வைப்பார்கள் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜென்மத்தில் ஒரு சுமை தூக்கியிருந்தால் தோன்றியிருக்கும். பெயிண்ட் காய்ந்தும் இருக்கவில்லை.

"எனக்க கடவத்துல என்ன எழுதியிருக்கு, அண்ணே?" என்று மீன்காரி கேட்டாள்.

"தலைவருக்கப் பேரு. பாதிதான் இருக்கு."

"மிச்சம்?"

"இவ கடவத்துல."

உங்கள் அம்மை அப்போதுதான் சிரித்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு. "வாருங்க, சந்தையில எவனாவது கேட்டா அந்தப் பேரையும் குடுத்திட்டு வருவோம்" என்றாள். இரண்டு பேருக்கும் சுமையை ஏற்றிவிட்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். கல்லின் மேல், தலைவரின் பெயர் இருந்த இடத்தில், மீன் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.