வளைவில் முந்தியது யார்

தேவசிகாமணிக்கு ஜீப் ஓட்டத்தான் தெரியும். வேறென்ன தெரியும் என்று யாராவது கேட்டால், அவர் மனைவி மரியபுஷ்பம் யோசித்துப் பார்த்துவிட்டு, "நல்லாச் சாப்பிடுவாருங்க" என்பாள். கரடியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் முதலாளியின் ஜீப்புக்கு அவர்தான் டிரைவர். மீசை கறுத்திருந்த காலத்தில் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவர், மீசை வெளுத்த பிறகும் விடவில்லை. ஜீப்பின் மேல் ஒரு கீறல் கிடையாது. ஏற்காடு கடைவீதியில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும் தோரணையைப் பார்த்தால் எஸ்டேட்டே அவருடையது என்று நினைக்கத் தோன்றும்.

மலைப்பாதைக்கு என்று சில சட்டங்கள் உண்டு. எழுதி வைத்திருக்கிறதோ இல்லையோ, ஓட்டுகிறவன் உடம்பில் ஊறியிருக்கும். வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடிக்க வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும். வலது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் வெளி ஓரத்தை விடாமல் பிடித்துப் போக வேண்டும், ஏனென்றால் உள் ஓரம் எதிரே வருகிறவனுடையது. எல்லாவற்றுக்கும் மேலே, வளைவில் எவனையும் முந்தக் கூடாது. முந்தினால் அது பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவம்கூட இல்லை என்பது தேவசிகாமணியின் கட்சி. அப்படி முந்தினவனை அடிவாரம் வரை துரத்திப்போய் மடக்கி, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

எண்பத்தேழாம் வருஷம் சேலத்தில் நாலு சாலை கூடும் ஓரிடத்தில் புதிதாக ஒரு ரவுண்டானா போட்டார்கள். நடுவில் பெரிய வட்டம், அதைச் சுற்றி இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் போகிற மாதிரி அகலமான பாதை, இரண்டுக்கும் நடுவே விட்டுவிட்டு வெள்ளைக்கோடு. தேவசிகாமணி மிளகு மூட்டைகளோடு மலையிறங்கி வந்த அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்க்கிறார். வலது பக்கத்துச் சாலைக்கு அவர் போக வேண்டும். பார்த்தார். வலப்பக்கமாக வளைகிறது, வளைந்துகொண்டே இருக்கிறது. இதென்ன பெரிய வித்தை, வலது வளைவுதானே என்று ஒரு ஹார்ன் அடித்துவிட்டு, வெளி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழகாகச் சுற்ற ஆரம்பித்தார்.

பாதி வட்டம் போயிருப்பார். உள் ஓரத்தில் ஒரு அம்பாசடர் தலை நீட்டியது. எதிரே வருகிறவனுக்கு உரிய இடத்தில், கூடவே வருகிறது. வளைவில் முந்துகிறான்! தேவசிகாமணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஹார்னை அமுக்கிப் பிடித்தபடி, விடமாட்டேன் என்று தன் ஓரத்திலேயே போனார். அந்த அம்பாசடரோ முந்தவில்லை. நேர்ச் சாலைக்குப் பிரிந்துபோக இடப்பக்கம் ஒடித்தது. ஜீப்பின் வலப்பக்கக் கதவு அப்பளமாக நொறுங்கிக்கொண்டு உள்ளே வந்தது.

காரிலிருந்து ராஜேந்திரன் என்ற வாடகைக் கார் டிரைவர் இறங்கினான். முப்பது வயசுக்காரன், முகம் வெளிறிப்போயிருந்தது. இவர் இறங்கிய வேகத்தில் கேட்டார்.

"ஏனுங்க, வளைவுல முந்தலாமுங்களா?"

"வளைவுங்களா? இது ரவுண்டானாங்க."

"வளையுதுல்லீங்க? அப்ப வளைவுதானுங்க."

அதற்குள் போக்குவரத்துக் காவலர் ராமசாமி வந்துவிட்டார். தங்கமான மனுஷர். இரண்டு பேரையும் ஓரமாகக் கூட்டிப்போய்த் தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். வெளி ஓரத்தில் வருகிறவன் சீக்கிரமே பிரிந்துவிட வேண்டும், சுற்றிப் போகிறவன் உள் ஓரத்தில் போக வேண்டும் என்றார். அப்படியானால் ஜீப்பின் மேல்தான் தப்பு. ராமசாமி அதோடு விட்டிருக்கலாம். ஆனால், உள் ஓரத்திலிருந்து வெளியே வருகிறவன் பக்கத்தில் வண்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒடிக்க வேண்டும், கார்க்காரன் பார்க்கவில்லையே என்றும் சொன்னார். அப்படியானால் காரின் மேல் தப்பு. சரி, முடிவாக யார் மேல் என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

ராமசாமி சாக்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அதைத்தான் நானும் யோசிக்கிறேன். அவங்கவங்க வண்டியை அவங்கவங்க சரிபண்ணிக்குங்க, போங்க."

முதலாளி அப்படிப் போகிறவர் இல்லை. நியாயமான ஆள்தான், ஆனால் வழவழவென்று பேசினால் பிடிக்காது. நசுங்கின கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "உன்மேல தப்பில்லைன்னு உன் வாயால சொல்லு, நம்புறேன். சாவி உங்கிட்டயே இருக்கட்டும். தப்புன்னா காபி காயவைக்கிற களத்துக்குப் போயிடு. ஞாயித்துக்கிழமை வந்து சொல்லு" என்றார். அதுவரை சாவி முதலாளி வீட்டு ஆணியில் தொங்கியது.

அந்த வாரம் முழுக்கத் தேவசிகாமணி மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். சோற்றுத் தட்டைச் சுற்றி இரண்டு தீப்பெட்டிகளை ஓட்டிப் பார்ப்பார். ஒரு தடவை ஓட்டினால் இவர்மேல் தப்பு வரும், மறு தடவை ஓட்டினால் அவன்மேல் வரும். குழம்பு ஆறிப்போகும். மரியபுஷ்பம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அவளுக்கு இதில் குழப்பமே இல்லை. தீப்பெட்டிகளைப் பிடுங்கி அடுப்படியில் வைத்துவிட்டு, தப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்தால் ஆச்சு, அந்தக் கார்க்காரன் இங்கே வந்து சாட்சியா சொல்லப்போகிறான் என்று கேட்டாள். அவள் கேட்டதும் ஞாயம்தான். ஆனால் மனுஷனுக்கு வாய் வரவேண்டுமே.

சனிக்கிழமை பஸ் ஏறிச் சேலத்துக்கே போனார். ரவுண்டானா ஓரத்தில் ஒரு டீக்கடை வாசலில் பொழுது சாயும்வரை நின்று பார்த்தார். டவுன் பஸ் உள் ஓரத்திலிருந்து சர்ரென்று வெளியே வந்தது, ஒன்றும் ஆகவில்லை. லாரி ஒன்று வெளி ஓரத்திலேயே முழு வட்டமும் சுற்றிப் போனது, அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாட்டுவண்டி எதிர்த்திசையில் வந்து கம்பீரமாகக் கடந்து போயிற்று. அத்தனை பேரும் தப்பாகப் போகிறார்களா, அத்தனை பேரும் சரியாகப் போகிறார்களா? வந்தபோது இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போய், கடைசி பஸ்ஸில் மலையேறினார்.

மறுநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் மரியபுஷ்பம் அவர் சட்டைக் காலரைச் சரிபண்ணிவிட்டாள். "தப்பில்லீங்கன்னு ஒரே வார்த்தை. சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வாங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

முதலாளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஆணியில் சாவி. தேவசிகாமணி அதைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"தெரியலீங்க" என்றார்.

"என்னது?"

"யாரு மேல தப்புன்னு எனக்குத் தெரியலீங்க முதலாளி. நொம்ப யோசிச்சுப் பாத்துட்டனுங்க."

தெரியாதவன் கையில் வண்டியை எப்படிக் கொடுப்பது என்று முதலாளி கேட்டார். சாவி மரியபுஷ்பத்தின் அண்ணன் மகன் லூர்துராஜுக்குப் போயிற்று. தேவசிகாமணி களத்தில் காபிப் பழத்தைப் பரப்பி, காலால் கிளறிக் காயவைத்தார். மரியபுஷ்பம் ஒரு மாசம் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் மனுஷன் கிளறுவதை நிறுத்திவிட்டு, கியர் மாற்றுவதைக் காது கொடுத்துக் கேட்பார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைநாள், காபி மூட்டைக்குத் துணையாக லூர்துராஜின் ஜீப்பில் அவரும் மலையிறங்கினார். வலப்பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதன் உள் ஓரத்தில், ஏறி வந்த அம்பாசடர் ஒன்று திரும்பமுடியாமல் மூச்சடைத்து நின்றது. பின்சீட்டில் சுற்றுலா வந்த குடும்பம் அலறிக்கொண்டிருந்தது. லூர்துராஜ் மேலேயே ஜீப்பை நிறுத்தினான். தேவசிகாமணி இறங்கி ஓடி, காரின் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். ஸ்டியரிங்கில் ராஜேந்திரன். இவர் யாரென்று தெரியாமலே கண்ணாடியை இறக்கிக் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, இங்க யாருக்குங்க வழி?"

"ஏறுற வண்டிக்குத்தானுங்க. பயப்படாதீங்க. இந்த வளைவுல உள் ஓரம் உங்களுது. செங்குத்தா இருக்குதுல்லீங்க, அகலமா வாங்கி ஒடிங்க. ரோடு முழுக்க எடுத்துக்குங்க, எங்க வண்டி நிக்கும்."

கையைக் காட்டிக் காட்டி அந்தக் காரை மேலே ஏற்றிவிட்டார். சமதளம் வந்ததும் ராஜேந்திரன் நிறுத்தி இறங்கி வந்து கும்பிட்டான். கும்பிட்ட கை பாதியில் நின்றது. அடையாளம் தெரிந்துவிட்டது.

தேவசிகாமணி இரண்டு வருஷமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டார். "தம்பி, அன்னைக்கு யாரு மேலங்க தப்பு?"

ராஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும் தெரியாதுங்கண்ணா. இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க. எங்க ஓனரு கேட்டாரு. ஜீப்புக்காரர் மேலதான்னு அடிச்சுச் சொல்லிப்புட்டேன்."

"நம்புனாருங்களா?"

"உடனே நம்பிட்டாருங்க."

கார் போய்விட்டது. தேவசிகாமணி அங்கேயே நின்றார். கோபப்பட வேண்டும் போலிருந்தது, யார்மேல் படுவது என்று தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, கண்ணும் எரிந்தது. கீழே இறங்க வேண்டிய வண்டிகள் பின்னால் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன. அவர் நடந்துவந்து, ஒடுக்கு எடுத்தும் சரியாக நிமிராத அந்த வலப்பக்கக் கதவைத் திறந்தார்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் லூர்துராஜ் உட்கார்ந்திருந்தான். ஒரு நிமிஷம் அவனுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"மாமா," என்றான் மெதுவாக, இடப்பக்கத்துக் கதவைக் காட்டி, "அக்கட்டால வந்து ஏறுங்க."