சொந்தத்துக்கு ஒரு பிடி

பிடுங்கின புகையிலைக் கன்றைச் சிரட்டைத் தண்ணீரில் அலசி, வேரை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கும்போது பூரணம் ஒருவரோடும் கதைக்கமாட்டா. கோப்பாயில் நாற்றுப் போடுகிற மற்றவர்கள் இலையைப் பார்ப்பார்கள். இவ வேரைத்தான் பார்ப்பா.

“தடிமன் காய்ச்சல் வந்த பிள்ளையின்ரை குடலையும் உப்பிடித்தான் எடுத்துப் பாப்பியளோ, அக்கா?” என்பான் கிறகோரி. கலியாண வீடுகளுக்குக் காஸ் விளக்குக் கொண்டுபோகிறவன். பூரணத்தின் தமக்கை இருக்கிறாவே, அவவின் நடு மகள் கலியாணத்தன்று, விளக்கில் திரிக்குப் பதிலாக எரிந்து உதிர்ந்த மென்ரில் வலையின் தூளை இவன் பூரணத்தின் நாற்றுப் பாத்தி மூலையில் தட்டிவிட்டான். அந்த மூலைக் கன்றுகளின் வேர் மட்டும் ஆட்டுத் தாடிபோலச் செறிந்து வந்தது.

“உது வெறும் சாம்பல் இல்லை. கடற்கரைக் கறுத்த மணலை அரிச்சு எடுக்கிற, லேசிலை கிடையாத மண்ணாம்” என்றான் கிறகோரி.

அன்றிலிருந்து பூரணம் அந்தத் தூளைத் தகரப் பேணியில் சேர்த்து வைத்து, பாத்திக்கு விரல் நுனியால் ஒரு நுள்ளுத் தூவுவா. அதற்கு மேல் இல்லை.

போன மார்கழியில் நீர்வேலி ஏரம்பர் கன்று கேட்டிருந்தார். பெரியம்மாவின் மூத்த மகன். முந்தின வருசம் தோட்டம் முழுக்க அழுகிப்போய், இந்த முறையும் தவறினால் குத்தகைக் காணியை விடவேண்டிய நிலை. சொந்தத்துக்குச் சோறு போட்டால் ஓரகப்பை கூட வைக்கிற கை, நுள்ளோடு நிற்குமோ? ஏரம்பரின் பாத்திக்கு ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டா.

அவர் பனையோலைக் கடகத்தோடு வந்து நின்றபோது கன்றுகள் தளதளவென்று நின்றன.

“என்ன பிள்ளை, கன்று வாய் திறந்து கதைக்கும் போலை கிடக்கு!”

பூரணம் சிரிக்கவில்லை. காலையில் பிடுங்கினதை நீட்டினா. வேர் நகமளவில் கட்டையாய் நின்று, நுனி கறுத்திருந்தது.

“இலை நல்லாத்தானே இருக்கு. நட்டால் தப்பும்.”

“தப்பாது அண்ணை. பத்து நாளிலை படுத்திடும். உங்களுக்கெண்டு கூடப் போட்டு நான்தான் கெடுத்துப்போட்டன்.”

“இனி விதைச்சு எப்ப நடுறது?” அவர் வெறுங் கடகத்தைக் கீழே வைத்தார். “எனக்கு வேறை ஆர் தருவினம்?”

வேலிக்கரையில் நுள்ளளவே தூவி, தன்னுடைய புகையிலைத் தறைக்கென்று ஒரு பாத்தி விட்டிருந்தா. புருசன் போன பிறகு, மூன்று பிள்ளைகளுக்கும் அந்தப் பாத்தி வளர்ந்தால்தான் சோறு. பூரணம் அதனருகில் போய்க் குந்தினா. ஒவ்வொரு கன்றாய் வேர்மண் உதிராமல் கிளப்பி அவருடைய கடகத்தில் அடுக்கினா.

“எடி, உது உன்ரை...” என்று ஏரம்பர் கையைப் பிடித்தார்.

அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, வெயில் படாமல் ஈரச் சாக்கை இழுத்துக் கடகத்தை மூடினா.