தெரியாது என்று சொன்னவர்

“டாக்டரம்மா போயிட்டாவ.” ராஜபாளையத்திலிருந்து போனில் சொல்லிவிட்டுச் செல்வி அழுதாள். கண் மருத்துவர் கோமதிக்காக அவள் அழுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

கண் முகாம்களில் கோமதியம்மாவோடு என்னைப் போலவே அலைந்த நண்பர்களே, உங்களுக்கு அவர் வழக்கம் தெரியும். கைக்குழந்தை முஷ்டியால் கண்ணை அழுத்திக்கொண்டே இருந்தால் டார்ச்சைக் கீழே வைத்துவிடுவார். பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தைகள் அப்படிச் செய்வதுண்டு. “சொந்தத்துலயா கட்டுனீங்க?” என்று தாயிடம் மெதுவாகக் கேட்பார். இரத்தம் எடுக்கிற என்னை, “பார்வை இருக்கறவங்ககிட்டயும் எடுங்க. நம்ம தப்பை அவங்கதான் காட்டுவாங்க” என்று நச்சரிப்பார்.

செல்வியின் அக்கா தாய்மாமனைக் கட்டியவள். அவள் மகனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அவன் இரத்தத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஒரு மரபணுவில், தாய் தந்த பிரதியிலும் தந்தை தந்த பிரதியிலும், ஓர் எழுத்து மாறியிருப்பதாகப் பதில் வந்தது; அதுதான் காரணம் என்று நினைத்தோம். செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை மகனைப் பேசி முடித்திருந்த நேரம். அவளுக்கு அந்த மாற்றம் இல்லை என்றதும் வீடே கொண்டாடியது. கோமதியம்மா மட்டும் செல்வியின் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிற மனிதர் அந்தத் தாத்தா. அவருக்கும் இரண்டு பிரதியிலும் அதே மாற்றம். அப்படியென்றால் பையனின் பார்வையைப் பறித்தது வேறெதுவோ. அது செல்வியிடம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

உடனே பஸ் பிடித்துப் போனோம். வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள்.

“பத்திரிகை வச்சாச்சேம்மா. வேணாம்னு சொல்லுதீயளா?” என்றார் செல்வியின் அப்பா.

“வேணாம்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல. தெரியலைன்னு சொல்லத்தான் வந்தேன்.”

“தெரியலைன்னா பொறவென்ன? செத்த நேரம் இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்.”

கல்யாணம் நடந்தது. மகள் பிறந்து தலை நிற்கும் பருவத்தில் பார்க்கப் போனோம். தொட்டிலில் இரண்டு முஷ்டியும் கண்ணில் இருந்தன.

“அன்னைக்கு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னம்மா?” என்றாள் செல்வி.

அந்தக் கேள்வி கடைசிவரை கோமதியம்மாவை விடவில்லை. எங்கே எந்தக் குழந்தை கண்ணைக் கசக்கினாலும் பேச்சை நிறுத்தி, “தூக்கம் வந்துதானே கசக்குது?” என்று என் கையைப் பிடிப்பார்.

சாவுச் சேதி சொன்ன அதே போனில் செல்வி சொன்னாள்: “பொய் சொல்லித் தேத்தாத ஆளு அவிய ஒருத்தர்தான்.”

நேற்று பஸ்ஸில் முன் இருக்கைக் குழந்தை கண்ணைக் கசக்கியது. பக்கத்து இருக்கைக்காரரோடு என் பேச்சு நின்றது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். குழந்தை தூங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்க வேண்டிய கிருஷ்ணன்கோவில் நிறுத்தம் எப்போதோ போயிருந்தது.