பேனை மூடும் சத்தம்

அவள் இங்கிலாந்துக்குப் போனது கார்த்திகை மாதத்து ஒரு திங்கட்கிழமை. செவ்வாய் என்றே நினைத்திருந்தேன். நாட்குறிப்பைப் பார்த்துத் திருத்திக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு வரிதான் உண்டு: "மழை. காலை ரயிலில் போனாள்."

நானும் அவளும் ஒரே சத்திரசிகிச்சைக் கூடத்தில் பதினொரு வருடம் வேலை செய்த தாதிகள். நான் மேசையோரம் நின்று டொக்டருக்குக் கருவிகள் எடுத்துக் கொடுப்பேன். அவள் எனக்குப் பின்னால், இடப்பக்கம் நிற்பாள். கேட்டதைக் கொண்டுவந்து தருவாள். சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் கணக்கு எழுதுவாள். வயிற்றுக்குள் இரத்தம் ஒற்ற வைக்கும் துணிகளை நாங்கள் மொப் என்போம். உள்ளே போனவை எல்லாம் வெளியே வந்தால்தான் வயிற்றைத் தைக்கலாம். மேசையில் உள்ளதை நான் எண்ணுவேன், வெளியே போட்டதை அவள் எண்ணுவாள். எண்ணி முடிந்ததும் பேனை மூடியை 'டக்' என்று மூடுவாள். அந்தச் சத்தம் கேட்டால் கணக்குச் சரி. பிழையென்றால் மட்டும் வாய் திறப்பாள். பதினொரு வருடத்தில் அப்படி வாய் திறந்தது இரண்டு தரம். இரண்டுக்கும் என்னிடம் திகதி இருக்கிறது.

தை மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பழைய களஞ்சிய அறையைச் சத்திரசிகிச்சைக் கூடம்போல ஒழுங்குபடுத்தி, மேசையில் ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தியிருந்தார்கள். ஈரலும் குடலும் பஞ்சு. இரத்தம் ரோஸ் சர்பத். இரண்டாம் நாளே எறும்பு மொய்த்துவிட்டது.

"ஆளுக்குச் சீனி வருத்தம் போலை கிடக்கு," என்றார் மயக்கமருந்துப் பக்கம் நின்ற அண்ணை. "வெட்ட முந்திச் சீனியைப் பாருங்கோ."

அவளுடைய இடத்தில், சாவகச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தம்பி நின்றான். அவனும் தாதிதான், எங்களிடம் வந்து ஒரு கிழமை.

புதன்கிழமை எங்கள் முறை. மொத்தம் பத்து மொப். டொக்டராக நடித்தவரிடம் பயிற்றுநர் சொல்லிவைத்து, ஒன்றை ஈரலுக்குக் கீழே விடச் செய்திருந்தார். தைக்கிற நேரம் என் மேசையில் நாலு. வெளியே ஆறு இருக்கவேண்டும். பின்னால் 'டக்' என்றது. "கணக்குச் சரி, டொக்டர்," என்றேன். தைத்தாயிற்று. பயிற்றுநர் வந்து தையலை வெட்டி, சர்பத் ஒட்டிய மொப்பை இழுத்து எடுத்தார். அதிலும் ஓர் எறும்பு.

பிறகு எங்களைப் படம்பிடித்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள்.

"மிஸ், வெளியிலை எத்தினை எண்டு ஆர் சொன்னது?" என்று பயிற்றுநர் கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப எப்பிடிச் சரி எண்டனீங்கள்?"

தம்பிதான் எழும்பினான். "என்ரை பிழையும்தான் சேர். எனக்கு அஞ்சுதான் வந்தது. திரும்ப எண்ணுவம் எண்டு பேனையை மூடினனான். அதுக்குள்ளை அக்கா சரி எண்டிட்டா."

வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் செய்துகாட்ட வேண்டும். அதிலும் பிழை விட்டால் என்னை வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். வார்டு வேலை குறைவானதல்ல. ஆனால் அவள் போனபிறகு அவளென்று எனக்கு மிஞ்சியிருந்தது அந்த மேசையோரத்தில்தான், என் இடத்தோளுக்குப் பின்னால். அதையும் விட்டுப் போக மனம் வரவில்லை.

வியாழன் பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தேன். அங்கே இன்னும் மத்தியானம் ஆகவில்லை.

"எடியே, பொம்மைக்குள்ளையோ விட்டனீ?" என்று சிரித்தாள்.

"உன்ரை மூடிச் சத்தம் எண்டு நினைச்சிட்டன்."

"என்ன மூடி?"

சொன்னேன்.

"விசரி, அது உனக்குச் சொல்லுறதுக்கில்லை. பேனை காய்ஞ்சு போடும் எண்டு மூடுறனான். ஸ்டோர்ஸிலை புதுப் பேனை கேட்டு எத்தினை மாசம் அலைஞ்சனாங்கள், மறந்துபோனியே?"

"அப்ப சரி எண்டு எனக்கு எப்பிடிச் சொன்னனீ?"

"தலையாட்டுறனான். ஒவ்வொரு தரமும். நீதான் ஒருநாளும் திரும்பிப் பாக்கேல்லை."

அன்றைய நாட்குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டினேன். எந்த நாள், என்ன சத்திரசிகிச்சை, எத்தனை மொப், எத்தனை மணிக்கு முடிந்தது, எல்லாம் இருந்தன. அவள் தலையாட்டியது ஒரு பக்கத்திலும் இல்லை. நான் காணாததை எப்படி எழுதியிருப்பேன்?

வெள்ளிக்கிழமை பேனை மூடும் சத்தம் கேட்டதும் முழுதாகத் திரும்பினேன். "தம்பி, வெளியிலை எத்தினை?"

"அஞ்சு, அக்கா."

"ஒண்டு குறையுது. டொக்டர், தைக்கவேண்டாம்." இந்தத் தரம் அது குடல் மடிப்புகளுக்கிடையில் சுருண்டு கிடந்தது. பயிற்றுநர் தன் தாளில் சரி போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை உண்மையான கூடம், உண்மையான நோயாளி. தைக்கும் முன் திரும்பிக் கேட்டேன். "ஆறு, அக்கா," என்றான் தம்பி. சொல்லிவிட்டு, முகக்கவசத்தோடு மெல்லத் தலையும் ஆட்டினான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சொல்லிட்டனே அக்கா, ஆறு," என்றான். "டொக்டர் காத்துக்கொண்டு நிக்கிறார்."