மதினியின் முடிக்காணிக்கை

பழனி அடிவாரத்தில் காரை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்ட பிறகும் மதினி இறங்கவில்லை. தலையில் சுற்றியிருந்த மப்ளரை இறுக்கிப் பிடித்தபடி கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்க மொட்டைத் தலைகள். கைக்குழந்தை மொட்டை, காலேஜ் பையன் மொட்டை, கழுத்து நிறைய நகை போட்ட ஓர் அம்மா மொட்டை. ஒரு குடும்பம் மொத்தமும் சந்தனம் காய்ந்த தலைகளோடு ஐஸ் தின்றுகொண்டு போனது. பார்த்துக்கொண்டே இருந்த மதினி மெல்ல மப்ளரை அவிழ்த்து மடியில் போட்டார். "ஏந்தம்பி, இங்க பூராம் நம்ம ஆளுகளாவுல்ல இருக்கு!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மதுரை ஆஸ்பத்திரிக்கு நடக்க ஆரம்பித்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். தெருவில் ஒருவர்கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு நின்ற ஒரு கிழவி மட்டும், "வெயிலு சுள்ளுங்குது, வெறுந்தலையோட போறியேம்மா" என்று உரிமையாகக் கடிந்துகொண்டு தலையில் சந்தனத்தைத் தடவிவிட்டாள். மதினி கண்ணை மூடிக்கொண்டு தலையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மதினி என் அண்ணனின் மனைவி. எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில் இருக்கிற கிளாவரை. அதைத் தாண்டினால் கேரளக் காடுதான். பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைக்கிற ஊர். அண்ணன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார், நான் கொடைக்கானலுக்கு வந்து வாடகைக் கார் ஓட்டப் போய்விட்டேன். மதினி கீழே அய்யம்பாளையத்துப் பெண். மலைக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் குளிரில் பல் கிட்டும். அம்மா சால்வையை எடுத்து நீட்டினால், "எனக்கு எதுக்குத்தே சால்வை, இதையே போத்திக்கிருவேன்" என்று பின்னலை அவிழ்த்துக் காட்டுவார். அப்படி ஒரு முடி. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தால், வெயில் முகத்தைக் காட்டாத எங்கள் ஊரில் அது காய்வதற்குள் மதியச் சோறு ஆகிவிடும். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் வேலை ஏவிக்கொண்டிருப்பார். "மதினி, இதை அறுத்து வித்தா எனக்கு ஒரு ஜீப் வாங்கிரலாம்" என்று நான் வம்புக்கு இழுப்பேன். "அதுக்கெல்லாம் ஆள் இருக்கு தம்பி, பழனியில" என்பார்.

அந்த ஆளிடம் அவர் வேண்டிக்கொண்டது அண்ணனுக்காக. ஒட்டன்சத்திரத்துக்கு மூட்டை ஏற்றிப் போன வண்டி மலைப்பாதையில் உருண்டு, அண்ணன் நினைவில்லாமல் மதுரையில் கிடந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த மதினி, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, அண்ணன் எழுந்துவிட்டால் தலைமுடி முழுவதையும் பழனியில் இறக்குவதாக என் கண்முன்னால்தான் வேண்டிக்கொண்டார். அண்ணன் எழுந்துவிட்டார். எழுந்தவர் முதல் காரியமாக இதற்குத்தான் முட்டுக்கட்டை போட்டார். "பொம்பளைக்கு எதுக்கு மொட்டை? பூமுடி குடுத்தாப் போதும்" என்றார். முடியின் நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுப்பதற்குப் பூமுடி என்று பெயர். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "உசுரு பூராத்தையும் வாங்கிக்கிட்டு நுனியக் குடுக்கவா?" என்றார். ஆனால் போகவும் வழி பிறக்கவில்லை. மகள் கல்யாணம் வந்தது, மொட்டைத் தலையோடு மணவறையில் நிற்க முடியாது. அப்புறம் மகளுக்கு வளைகாப்பு, பேத்தி பிறப்பு. அடுத்த தைப்பூசம், அடுத்த பங்குனி என்று தள்ளிக்கொண்டே போனது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. வீடென்றால் ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டுதான் இருக்கும்.

அதற்குள் மார்பில் கட்டி. மதுரையில் மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் முடி கொத்துக்கொத்தாகத் தலையணையில் கிடந்தது. மதினி வலிக்கு அழவில்லை, வாந்திக்கு அழவில்லை. அந்த முடியைக் கையில் வைத்துக்கொண்டு, "குடுக்குறேன்னு சொன்னதைக் குடுக்கவிடாமப் போச்சே" என்றுதான் அழுதார். எப்படியாவது தன்னைப் பழனிக்குக் கூட்டிப் போகச் சொல்லி எங்களைப் பிடுங்கி எடுத்தார். அப்படித்தான் அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் மலையிறங்கி அடிவாரத்துக்கு வந்திருந்தோம்.

சந்தனத் தலையோடு நேரே முடிக்கொட்டகைக்குப் போய்ச் சீட்டு வாங்கி மணையில் உட்கார்ந்துவிட்டார். முடி எடுக்கிறவர் அவர் தலையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, அதான் எடுத்தாச்சுல்ல, மறுபடி எதுக்கு வந்து உக்காந்திருக்கீங்க?"

"எடுக்கலைங்கய்யா. மருந்துல தானா விழுந்துருச்சு. கத்தி வச்சுக் குடுக்கிறதாத்தான் வேண்டியிருந்தேன். பேருக்கு ஒருக்கா கத்திய வச்சு இழுத்து விட்டுருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மதினி, டாக்டர் என்ன சொன்னாரு? சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிக்காதுன்னு சொன்னாரா இல்லையா?"

"ஒரே ஒரு இழுப்புதான தம்பி."

"அரை இழுப்பும் கெடையாது, எந்திரிங்க!" என்று கத்தினேன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. என் சுபாவம் அப்படி. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அந்த மனிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கையைத் தண்ணீரில் நனைத்து மதினியின் தலையை ஒருமுறை தடவி, "போதும்மா, முருகன் ஏத்துக்கிருவான்" என்றார். "ஏத்துக்கிருவான்னு உங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?" என்றார் மதினி. மடக்குவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்தால் சொல்லட்டும் என்றுதான் கேட்டார்.

பின்னால் நின்ற அண்ணன் பக்கத்து மணையில் போய் உட்கார்ந்து, "எனக்கு எடுங்க" என்றார். தலையில் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. மதினிக்கு வந்ததே கோபம்! "ஏங்க, எந்திரிங்க மொதல்ல. உங்க உசுருக்கு என் முடியத்தான் சொன்னேன். உங்க முடிய யாரு கேட்டா?" அண்ணன் எழுந்துவிட்டார். சட்டைக் காலரெல்லாம் நனைந்து, துண்டு எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டு நின்றார்.

கம்பியில் இழுத்துப் போகிற விஞ்சில் ஏறி மேலே போய்ச் சேர்வதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. கிரீடமும் பட்டுமாக ராஜ அலங்காரத்தில் நின்றான் முருகன். ஆண்டிக் கோலம் காலையிலேயே முடிந்துவிடும். மதினிக்கு அந்தக் கோலத்தில் பார்க்கத்தான் ஆசை. "நகருங்க, நகருங்க" என்று நகர்த்திவிட்டார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது, என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"என்னத்த வேண்ட? சொன்னதையே செய்யல, மறுபடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க?"

"நீங்களும் சாமியும் என்ன சம்பந்திகளா மதினி, மூஞ்சி பாக்குறதுக்கு? நானும் அண்ணனும் உங்களுக்காகக் கேட்டுட்டோம்."

"அது நீங்க கேட்டது தம்பி. நான் கேக்கலையே" என்றார்.

தன் உயிருக்காக ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்று ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறார், நாங்கள் இரண்டு ஆம்பளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். எனக்கு முருகன்மேல்தான் ஆத்திரம். ஒரு பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வந்து மலையில் நிற்கிற பிள்ளை அவன். பிடிவாதத்தில் அவனுக்கு மதினி கொஞ்சமும் சளைத்தவர் இல்லை. இடையில் கிடந்து நாங்கள்தான் அல்லாடினோம்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில், மதினியை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மருந்து இனிமேல் கேட்காது, ஏற்றினால் அந்த உடம்பு தாங்காது, நிறுத்திவிடலாம் என்றார். வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பிடித்ததைச் செய்து கொடுக்கச் சொன்னார். மதினியிடம் யார் சொல்வது? அண்ணனால் முடியவில்லை. மருந்து போதும் என்று சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார். மதினி அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார்.

மருந்து நின்றதும் முடி முளைத்தது. அதைவிடக் கொடுமையை நான் பார்த்ததில்லை. ஆள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போக, தலையில் மட்டும் கருகருவென்று பிள்ளைமுடி கிளம்பியது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்து காட்டுவார். "தொட்டுப் பாருங்க தம்பி, பூனைக்குட்டி மாதிரி இல்ல? நோய் எறங்குதுன்னு அர்த்தம். இல்லாட்டி முளைக்குமா?" நான் தொட்டுப் பார்த்து, "ஆமா மதினி, நல்லா வந்திருக்கு" என்பேன். அண்ணன் சட்டென்று வெளியே போய்ப் பூண்டுக்காட்டில் நின்றுகொள்வார். முளைத்தது குணமானதால் இல்லை, குணமாக்க ஒன்றும் இல்லாமல் போனதால் என்று எங்களுக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? "ஒரு விரக்கடை வந்துட்டாப் போயிருவோம்" என்று தினமும் கண்ணாடி பார்த்தார் மதினி. விரற்கடை அளவுக்கு வரும்வரை ஆள் இருக்க வேண்டுமே என்று எனக்கு அடித்துக்கொண்டது.

முடி வந்துவிட்டது. புறப்படும் முன்பு டாக்டருக்குப் போன் போட்டேன். மொட்டை எடுக்கலாமா, கத்தி படலாமா என்று கேட்டேன். "இனிமே அவங்க ஆசைப்படுற எதையும் வேண்டாம்னு சொல்லாதீங்கப்பா" என்றார். வேண்டாம் என்று திட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வெள்ளனே கிளம்பினோம். பழனி ரோட்டின் கடைசி வளைவுகளில், கீழே சமவெளியில் தனியாக நிற்கிற மலையைக் காட்டியபோது மதினி எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. கொட்டகைக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கனமே இல்லை. அண்ணன் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ள, இந்த முறை கத்தி இறங்கியது. மடியில் விழுந்த முடியைக் கையில் அள்ளிப் பார்த்து, "இம்புட்டுத்தானா?" என்று வெட்கப்பட்டார். பிறகு, "இருந்ததை மிச்சம் வைக்காமக் குடுத்துட்டேன்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். மேலே சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். அன்றைக்கு ஆண்டிக் கோலம் கிடைத்தது. நகரச் சொன்ன ஆளை நான் முறைத்தேன். என் முகத்தைப் பார்த்தாரோ, சக்கர நாற்காலியைப் பார்த்தாரோ, பேசாமல் விட்டுவிட்டார். மதினி கையைக் கூப்பி உதடு அசைய நிறைய நேரம் பேசினார்.

வெளியே வந்ததும், "இப்பக் கேட்டுட்டேன் தம்பி" என்றார். முகமெல்லாம் மலர்ந்து கிடந்தது.

"என்ன கேட்டீங்க?"

"பேத்தி யூனிபார்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போறதைப் பாக்கணும்னு கேட்டேன். பெருசா ஒண்ணுமில்லை. பேராசைன்னு நெனச்சுக்கிருவானோ?"

"இன்னும் கொஞ்சம் சேத்துக் கேட்டிருக்கலாம் மதினி."

"அது அடுத்த தடவை வந்து கேட்டுக்கிருவோம்" என்றார்.

அடுத்த தடவை இல்லை. பழனியில் எடுத்த மொட்டைத் தலையோடுதான் மதினியைக் கொண்டுபோனோம்.

பேத்தி இப்போது கொடைக்கானலில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் காலையில் முதல் சவாரி அவள்தான். பனி மூடிய வாசலில் இறக்கிவிட்டால் பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடிவிடுவாள். அவள் வகுப்புக்குள் நுழையும்வரை நான் காரை எடுப்பதில்லை. பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டுவான், திட்டட்டும். இந்த ஒன்றைப் பார்க்கத்தான் மதினி மலையேறிப் போய்க் கேட்டார். கேட்டவருக்குக் கொடுக்காமல், கேட்காத எனக்குத் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறான் அவன்.