சரஸ்வதிக்கு காஸ்ட் அக்கவுண்டிங் படித்துக் காட்டியவன்

போன வாரம் சரஸ்வதி பூஜையன்று பக்கத்து ஃபிளாட்டில் சுண்டலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன், அது வேறு விஷயம்.

அந்த வீட்டுப் பெண் நித்யா எட்டாவது படிக்கிறாள். பூஜையில் அவள் புத்தகங்கள் அழகாக அடுக்கியிருந்தன. உச்சியில் டிராயிங் நோட்டு, அடியோ அடியில் கணக்குப் புத்தகம்.

"திங்கக்கிழமை மேத்ஸ் டெஸ்ட் அங்கிள். ஆனா பாருங்க, இன்னைக்கு புக்கைத் தொடவே கூடாதாம்!" என்றாள்.

அந்தத் துக்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... வாயெல்லாம் பல்.

நாமும் அப்படித்தானே இருந்தோம்? படிக்காமல் இருப்பதற்குப் பக்தி என்று பெயர் கிடைக்கிற ஒரே நாள் — யார் விடுவார்கள்? அந்த நாளில் போய், 'ஐயோ, என்னைப் படிக்க விடுங்கள்' என்று தவித்த ஒருவனைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பெயர் ஜுமா. ஊர் டான்சானியா.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பெங்களூர் தொம்மலூரில் ஒரு மாடி வீட்டில் மூன்று மாணவர்கள் குடியிருந்தோம். ஆரணியிலிருந்து நான், தர்மபுரியிலிருந்து செந்தில், கடல் தாண்டி வந்த ஜுமா. அவர்கள் இருவரும் ஒரே காலேஜில் பி.காம்., நான் வேறு காலேஜில் எம்.ஏ.

காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். டிரம் நிரப்புவதற்கும் முறை, சமையலுக்கும் முறை. ஜுமா தன் முறையில் மக்காச்சோள மாவைக் கிளறி உகாலி என்று ஒன்று செய்வான். முதல் நாள் அதைப் பார்த்த செந்தில், "டேய், இது எங்க ஊரு களிடா!" என்று கத்தினான். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு கட்சி. சோறு கேட்ட நான் எதிர்க்கட்சி.

கீழ் வீட்டில் எங்கள் ஹவுஸ் ஓனர் ரத்னம்மா ஆன்ட்டி. மூன்று தலைமுறையாக தொம்மலூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியம் கன்னடத்தில் போய் முடியும். பண்டிகைகளும் அப்படித்தான், இரண்டு ஊர் வழக்கமும் அந்த வீட்டில் செல்லும்.

வினை அங்கேதான் இருந்தது.

அந்த வருடம் நவராத்திரி நடுவில் ஒரு நாள் காலை, ஜுமா போலீஸ் கமிஷனர் ஆபீசுக்குப் போயிருந்தான். வெளிநாட்டு மாணவர்கள் அங்கேதான் விசாவை நீட்டித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி கீழிருந்து குரல் கொடுத்தார்: "தம்பிங்களா, பூஜைக்கு புக்கு இருந்தா எடுத்துனு வாங்க!"

செந்தில் பக்திமான். தன் புத்தகங்களோடு நிறுத்தியிருக்கலாம். பாவம், ஜுமாவுக்கு மட்டும் அருள் கிடைக்காமல் போய்விடுமே என்று அவன் அலமாரியையும் துடைத்து எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தான். பேனாவைக்கூட விடவில்லை.

மத்தியானம் ஜுமா திரும்பி வந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. அவன் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், நான் தமிழில் சொல்கிறேன்.

"இந்த முறை காஸ்ட் அக்கவுண்டிங் பாஸ் பண்ணி மார்க்ஸ் கார்டு கொண்டு வந்தால்தான் விசா. இல்லாவிட்டால் ஊருக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள்."

ஒரு பொருளைச் செய்ய என்ன செலவாகும் என்று கணக்குப் போடுகிற பாடம். அவன் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்ட பேப்பர் அது. பரீட்சை, விஜயதசமிக்கு மறுநாள் காலை.

சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பினான். அலமாரி காலி.

"கவலைப்படாதே, நாளைக்குக் காலையில் எடுத்துவிடலாம்" என்றான் செந்தில் தெம்பாக. அவன் ஊரில் சரஸ்வதி பூஜைக்கு வைத்து மறுநாள் எடுப்பதுதானே வழக்கம்? என் ஊரிலும் அதுதான். ஆனால் ஆன்ட்டி இந்த விஷயத்தில் அக்கம்பக்கத்துக் கன்னட வீடுகளின் கட்சி. மூல நட்சத்திரத்தன்றே வைத்துவிடுவார். எடுப்பது மூன்று நாள் கழித்து விஜயதசமிக்குத்தான்!

மூன்று பேரும் கீழே ஓடினோம்.

"அய்யோ, வெச்சாச்சேப்பா! பூவு போட்டு, குங்குமம் வெச்சி, ஆரத்தியும் ஆயிட்ச்சி. அம்மன் முன்னாடி வெச்சத நடுவுல உருவறதா? அந்தப் புள்ளைக்கே ஆகாதுப்பா" என்றார் ஆன்ட்டி. அவர் பயந்தது ஜுமாவுக்காகத்தான் என்பது புரிந்தது. அதனால் கோபப்படவும் முடியவில்லை.

"ஆன்ட்டி, அது வெறும் புக்குதானே..." என்றேன். அப்போது நான் கொஞ்சம் பகுத்தறிவு பேசிக்கொண்டு திரிந்த காலம்.

"வெறும் புக்குன்னா நீ ஏம்பா அதக் கட்டிக்கினு அழற?"



வேறு புத்தகம் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கடையில் புத்தகம் கிடைக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டுதான் இரண்டு முறை தோற்றான். இந்த முறை ஒவ்வொரு கணக்கையும் தன் கையால் போட்டுப் பார்த்து வைத்திருந்த நோட்டுகள் எல்லாம் குங்குமப் பொட்டோடு அம்மன் காலடியில் இருந்தன. தசராவுக்குக் காலேஜ் மூடி, வகுப்புத் தோழர்களும் ஊருக்குப் போயாகிவிட்டது.

மாடிக்கு வந்ததும் நான் ஒரு திட்டம் சொன்னேன். சாயங்காலம் ஆன்ட்டி கோயிலுக்குப் போவார். அந்த நேரத்தில் நோட்டுகளை உருவிவிட்டு வேறு புத்தகங்களைச் செருகிவிடலாம். செந்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஜுமா தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

"எங்கள் வீட்டிலும் உயரத்தில் வைக்கிற புத்தகம் ஒன்று உண்டு. அதை யாராவது இப்படி உருவினால் என் அம்மா என்ன ஆவாள்? வேண்டாம். ஆன்ட்டி கையால் நான் சாப்பிட்டிருக்கிறேன்."

விசா போகிறது, படிப்பு போகிறது, இவன் இப்படிப் பேசுகிறான்! எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் ஜுமா கீழே போய், கொலுவுக்கு முன்னால் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தன் நோட்டுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். நானும் செந்திலும் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றோம். ஆன்ட்டி பூக் கட்டிக்கொண்டிருந்தார். அவனைப் பார்ப்பார், அம்மனைப் பார்ப்பார், மறுபடி பூவைக் கட்டுவார். கடைசியில் நாரைக் கீழே வைத்தார்.

"ஏம்பா, தேவி கதையெல்லாம் அம்மன் முன்னாடி ஒக்காந்து படிக்கறமே, அதுவும் புக்குதானே?"

"ஆமா ஆன்ட்டி" என்றோம் நானும் செந்திலும், ஒரே குரலில்.

"மேல எடுத்துனு போயி படிச்சாதான் தப்பு. இங்கயே ஒக்காந்து அம்மனுக்குப் படிச்சிக் காட்டட்டும். ஆனா வாய் விட்டுப் படிக்கணும். மனசுக்குள்ள படிச்சா அது இவனுக்கு. சத்தமாப் படிச்சா அது அவளுக்கு."

"பேனா?" என்றான் செந்தில்.

"பேனா கூடாது. அவளும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கறா, இவனும் பண்ணிக்கட்டும்."

ஜுமாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை தவறாமல் தொழுகைக்குப் போகிறவன் அவன். "உனக்கு ஒன்றும் சங்கடம் இல்லையே?" என்று தனியாகவும் கேட்டேன்.

"நான் என் பாடத்தைப் படிக்கிறேன். யார் கேட்கிறார்கள் என்பது கேட்கிறவர்கள் விஷயம்" என்றான்.

அதன் பிறகு நடந்ததை இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

குளித்துவிட்டு, செந்திலின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் ஜுமா அம்மன் முன்னால் உட்கார்ந்தான். ஆன்ட்டி நோட்டை எடுத்து அவன் முன் ஒரு மணையில் பிரித்து வைப்பார். கணீரென்ற குரல் அவனுக்கு. மெட்டீரியல் காஸ்ட், லேபர் காஸ்ட், ஓவர்ஹெட்ஸ் என்று கூடம் முழுக்க முழங்கும். பேனா இல்லாததால் ஒவ்வொரு கணக்கையும் வாயாலேயே போட வேண்டியிருந்தது. இதை எதற்கு இதில் கூட்டினேன், அதை எதற்கு அங்கே வகுத்தேன் என்று அம்மனுக்கு விளக்கிச் சொல்லுவான்.

ஆன்ட்டி பூக் கட்டியபடி, கதை கேட்கிற மாதிரி "ம்" கொட்டுவார். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அவர் "ம்" சொல்ல மறந்துவிட்டால் ஜுமாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். எங்கோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஒரு தடவை நிஜமாகவே தப்பு இருந்தது!

தாம்பூலம் வாங்க வந்த பெண்கள் வாசலிலேயே நின்று கைகூப்பினார்கள். "யாருங்க இது? என்ன படிக்கறாரு?" என்று ஒருத்தர் கேட்க, ஆன்ட்டி கண் இமைக்காமல் சொன்னார்: "எங்க மாடி வீட்டுப் புள்ள. பாராயணம் பண்றான்."

பரீட்சை எழுதினான். ரிசல்ட் வரும்வரை மூவருக்கும் நிம்மதி இல்லை. உகாலி செய்யும் முறை வந்தாலும் அவன் பாதியில் நிறுத்திவிட்டுச் சும்மா நின்றான். செந்தில் தன் மேல் தப்பு என்று சொல்லிச் சொல்லி இளைத்தான்.

பாஸ்!

மார்க்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு ஜுமா நேரே கீழ் வீட்டுக்குத்தான் ஓடினான். ஆன்ட்டி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கண் கலங்கியது, செந்தில் வெளிப்படையாகவே அழுதான். நான் அழவில்லை என்று எழுதத்தான் ஆசை, முடியவில்லை.

"மூணு நாளு கேட்டாளே, இப்ப எழுதுனா அவளே பாஸ் பண்ணிடுவா" என்றபடி ஆன்ட்டி அந்தக் கார்டோடு பூஜை அறைப் பக்கம் நடந்தார். அம்மன் காலடியில் வைக்கத்தான்.

"வேண்டாம் ஆன்ட்டி!" — மூன்று பேரும் சேர்ந்து போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மறுநாள் கமிஷனர் ஆபீஸ், விசா, எல்லாம் நல்லபடி முடிந்தது. எனக்கு அதில் புரிந்தது ஒன்றுதான். விதியை மதிக்காதவனுக்கு அதை உடைக்கத்தான் தெரியும். மனசார மதிக்கிறவருக்குத்தான் அதற்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடிக்கத் தெரியும். அன்றைக்கு ஜுமாவைக் காப்பாற்றியது என் பகுத்தறிவு இல்லை, ஆன்ட்டியின் பக்திதான்.

இந்தக் கதையைச் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே நித்யாவின் அம்மாவிடம் சொன்னேன். சும்மா சொல்லி வைத்தேன், வேறு உள்நோக்கம் இல்லை. அன்று சாயங்காலமே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அல்ஜீப்ரா சத்தமாகக் கேட்க ஆரம்பித்தது.

நித்யா இப்போது லிஃப்டில் என்னைப் பார்த்தால் படியில் இறங்கிப் போகிறாள்.